சாவி கைமாறிய தேதி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்திரப் பதிவு ஆபீசுக்குப் போகிற வழியில், ஒரு மாடிப்படிக்கு அடியில் தேவசகாயத்தின் டி.டி.பி. கடை இருந்தது. கடைக்கு வருகிறவர்களுக்கு இருசம்மாளின் முதுகுதான் தெரியும். சுவரைப் பார்த்துப் போட்ட மேசையில் உட்கார்ந்து, பக்கத்தில் கிடக்கிற கையெழுத்துப் படியை ஒரு பார்வை பார்ப்பாள். அப்புறம் திரும்பிப் பார்க்காமல் முழுப் பக்கமும் அடித்து முடிப்பாள். யாராவது பேச்சுக் கொடுத்தால் தலை மட்டும் ஆடும்.

ஊர் மேல்பட்டாம்பாக்கம். ஒன்பதாவது படிக்கும்போது அம்மா படுத்த படுக்கையாகிவிட்டதால் பள்ளிக்கூடம் நின்றது. பிறகு தமிழ் டைப்ரைட்டிங் லோயர் மட்டும் பாஸ் செய்தாள். தொண்ணூற்றெட்டில் இந்தக் கடைக்கு வந்தவள்தான். கரும்பு லாரி ஓட்டும் காத்தவராயனைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகும் தினமும் காலை பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தாள்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் தமிழ் என்பது ஒரே தமிழாக இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் ஒரு எழுத்துரு செய்து வைத்திருந்தது. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் கிறுக்கல்தான் வரும். இருசம்மாளுக்கு அப்படிப்பட்ட பதினோரு எழுத்துருக்கள் விரல் நுனியில் இருந்தன. எதில் எந்த எழுத்து கீபோர்டின் எந்தக் கட்டையில் ஒளிந்திருக்கிறது, எது அச்சில் ஒரு மாதிரியும் திரையில் ஒரு மாதிரியும் வரும் என்பதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை. பார்த்துப் பார்த்தே வந்தது.

2006-இல் சிதம்பரத்திலிருந்து செம்பியன் என்று ஒருவர் கடைக்கு வந்தார். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவர், முப்பது வயது இருக்காது. பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை எல்லாக் கம்ப்யூட்டரிலும் படிக்கும்படி யூனிகோடுக்கு மாற்றித் தருகிற ஒரு மென்பொருளை அவரும் வேறு ஊர்களில் இருக்கும் ஒரு பன்னிரண்டு பேரும் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம். எந்தக் குறி எந்த எழுத்தாக மாறும் என்ற பட்டியலை அச்செடுக்கத்தான் வந்திருந்தார். அச்சடித்த தாளைக் கையில் வாங்கியபோது அதில் பென்சிலால் பதினான்கு இடங்களில் சின்னக் குறி போட்டு, ஓரத்தில் சரியான எழுத்து எழுதியிருந்தது.

“இது யாருங்க போட்டது?”

தேவசகாயம் இருசம்மாளின் முதுகைக் காட்டினார். “அதுதான். பேசாது சார். எழுதிக் குடுக்கும். குடுத்தா கரெக்டா இருக்கும்.”

அடுத்த வாரமே செம்பியன் திரும்பி வந்தார். பதினான்கும் சரி.

“அக்கா, இத நீங்கதான் அனுப்பணும். ஒங்க பேர்ல.”

“எங்க கடை பேரப் போட்டுடுங்க சார்” என்றார் தேவசகாயம். “விளம்பரமாவும் இருக்கும்.”

“கடை பேரு போட முடியாதுங்க. திருத்தம் யாரு செஞ்சாங்களோ அவுங்க கையொப்பம் போட்டுத்தான் அனுப்பணும். கையொப்பம் இல்லன்னா சேத்துக்க மாட்டோம். என் பேர்ல நான் அனுப்புனாலும் தப்பு. நாளைக்கு ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா யாரக் கேக்கறது?”

இருசம்மாள் அடிப்பதை நிறுத்தினாள். எட்டு வருஷமாகப் பதிவு ஆபீஸ் தாள்களைப் பார்த்திருக்கிறாள். விற்றவர் கையெழுத்துப் போடுவார், வாங்கினவர் போடுவார், சாட்சி இரண்டு பேர் போடுவார்கள், எழுதிக் கொடுத்த ரைட்டர் போடுவார். பத்துப் பக்கத்தையும் அடித்தவளுக்கு அந்தத் தாளில் இடம் கிடையாது. அதை அவள் குறையாக நினைத்ததும் இல்லை. இப்போது செய்தவர் பெயர் இல்லாமல் செய்ததை வாங்கவே மாட்டோம் என்று சொல்கிற ஒரு கூட்டம் இருப்பதைக் கேட்டாள். அந்த விதி அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

கையொப்பம் என்றால் பேனாவால் போடுவது இல்லை. கம்ப்யூட்டர் ஒரு ஜோடிச் சாவி செய்து தரும். ஒரு சாவி ஊருக்கே தெரியும். மற்றது ரகசியம். அதைத் திறக்க ஒரு கடவுத்தொடர் வேண்டும். ரகசியச் சாவியால் முத்திரை வைத்து அனுப்பினால், ஊருக்குத் தெரிந்த சாவியை வைத்து யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு புள்ளியை மாற்றினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

சாவி செய்கிற அன்றைக்கு ஒரு வேடிக்கை நடந்தது. சாவி யாரும் ஊகிக்க முடியாததாக அமைய வேண்டுமானால் கட்டைகளைக் கன்னாபின்னாவென்று தட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. இருசம்மாள் தட்டினாள். செம்பியன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவள் விரல்கள் கிரயப் பத்திரத்தின் முதல் பத்தியைப் பிழையில்லாமல் அடித்துக்கொண்டிருந்தன.

“அக்கா, கண்டபடி அடிங்க.”

“எனக்குக் கண்டபடி அடிக்கத் தெரியாது சார்.”

அதுதான் அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. கடைசியில் தேவசகாயம் வந்து இரண்டு கையாலும் கட்டைகள் மேல் மேளம் வாசித்துவிட்டுப் போனார். சாவி பிறந்தது. அதைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார் செம்பியன். கடவுத்தொடரை அவள் மட்டும் மனதில் வைத்துக்கொண்டாள்.

மறுவருஷம் மே மாதம் காட்டுமன்னார்கோயிலில் நாத்தனார் கல்யாணம். நான்கு நாள் லீவு கேட்டாள்.

“போய்ட்டு வா” என்றார் தேவசகாயம். “அந்த சிதம்பரத்து சார் எதுனா அவசரம்னு கேட்டா என்னா பண்றது? அதையும் டயரியில எழுதி வச்சிட்டுப் போயேன்.”

கடையில் அதுதான் வழக்கம். மின்சார வாரியத்துக் கணக்கு, ரயில் டிக்கெட் கணக்கு, இரண்டு வக்கீல்களின் மெயில் என எல்லாவற்றின் கடவுச்சொல்லும் சிவப்பு அட்டை போட்ட கடை டயரியின் கடைசிப் பக்கத்தில் இருந்தன. மாடியில் இருந்த ரைட்டர் வெளியூர் போனால் பத்து வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு டிராயரில் வைத்துவிட்டுத்தான் போவார். ரப்பர் ஸ்டாம்பு, மைப்பெட்டி, குண்டூசி டப்பா எல்லாம் அங்கேதான் கிடந்தன. இருசம்மாளும் கடவுத்தொடரை எழுதி வைத்தாள். பென் டிரைவை மைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஊரிலிருந்து வந்த பிறகும் அதை வெளியே எடுக்கவில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. வேலை செய்வது கடையில்தானே, அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அதற்கு அடுத்த வருஷம் குழு ஒரு விதி எழுதி எல்லோருக்கும் அனுப்பியது. சாவி வேறொருவர் கைக்குப் போனால் அந்தத் தேதியிலிருந்து போட்ட கையொப்பம் எதுவும் செல்லாது. அந்தத் திருத்தங்களை வேறு இருவர் படித்துப் பார்த்துத் தனித்தனியாக முடிவு செய்வார்கள், சரியானதை வைப்பார்கள், சந்தேகமானதை எடுப்பார்கள். சாவிக்கு உரியவர் புதுச் சாவியோடு நேரில் வர வேண்டும். இருசம்மாள் அதைப் பத்திர வாசகத்தைப் படிப்பதுபோல் இரண்டு தரம் படித்து, நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். டிராயர் அவள் ஞாபகத்துக்கே வரவில்லை. அது திருடு போவதைப் பற்றிய விதி. கடையில் யார் திருடன்?

2011 முடியும்போது அவள் பெயரில் நூற்று நாற்பது திருத்தங்கள் இருந்தன. மென்பொருளைத் திறந்தால் வரும் பெயர்ப் பட்டியலில் இருசம்மாள், மேல்பட்டாம்பாக்கம் என்று நாலாவதாக இருந்தது. ஒவ்வொரு திருத்தத்தையும் எந்தத் தாளைப் பார்த்துச் செய்தாள், எந்தத் தேதி, ஏன் என்று ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தாள். யாரும் கேட்டு எழுதவில்லை. பேசாதவர்களுக்கு எழுதி வைக்கிற பழக்கம் வந்துவிடும்.

டிசம்பர் முப்பதாம் தேதி விடிகாலை புயல் அடித்தது. கடலூரில் நின்றிருந்த மரத்தை விட விழுந்த மரம் ஜாஸ்தி. மேல்பட்டாம்பாக்கத்தில் இருசம்மாள் வீட்டு ஓட்டில் பாதி பறந்துபோனது. கரண்டு கம்பங்கள் வயலில் படுத்துக் கிடந்தன. தண்ணீர் இழுக்க மோட்டார் இல்லை, செல்போனில் உயிர் இல்லை. மூன்று வாரம் கூரை போடுவதிலும் குடம் தூக்குவதிலும் போயிற்று. தேவசகாயம் ஆள்விட்டுச் சொல்லியிருந்தார், வூட்டப் பாத்துட்டு மெதுவா வரட்டும் என்று. அவர் வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் பிடித்துக் கடையை ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஜனவரி இருபத்திமூன்றாம் தேதி அவள் கடைக்கு வந்தாள். மேசையைத் துடைத்துவிட்டு மெயிலைத் திறந்தாள். குழுவிலிருந்து முப்பதுக்கு மேல் வந்திருந்தது. முதலில் ஒன்றைப் படித்தாள்.

‘கடலூரே இருட்டில் கிடக்கும்போது ஜனவரி 6 அன்று திருத்தம் அனுப்பிய இருசம்மாள் அக்காவுக்கு எங்கள் வணக்கம்.’

அடுத்ததிலும் அதுதான். அதற்கடுத்ததிலும் அதுதான். குழுவில் யாரையும் லேசில் பாராட்டாத சென்னை இளவரசு, கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவர், அவர்கூட எழுதியிருந்தார்: ‘இவரைப் பார்த்து நாம் வெட்கப்பட வேண்டும்.’

இருசம்மாள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் எந்தத் திருத்தமும் அனுப்பவில்லை. ஆறாம் தேதி தலையில் தென்னங்கீற்று சுமந்துகொண்டிருந்தாள்.

திருத்தத்தைத் திறந்து பார்த்தாள். அவள் கையொப்பம் அதில் சுத்தமாக இருந்தது. உள்ளே ஒரே ஒரு வரி. ஒரு பழைய எழுத்துருவில் ஒரு குறி வந்தால் அதற்கு எதையும் எழுதாமல் விட்டுவிடு என்று சொல்கிற வரி. அது என்ன குறி என்று அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. சர்வே எண்ணில் உட்பிரிவைப் பிரிக்கிற சாய்கோடு அந்த எழுத்துருவில் அங்கேதான் இருந்தது. மென்பொருளுக்கு அது தெரியாது, கட்டம் கட்டமாகக் காட்டும். யாரோ கட்டத்தை ஒழித்திருக்கிறார்கள். கூடவே கோடும் போய்விட்டது. 112/3 என்ற நிலம் 1123 ஆகிவிடும்.

எட்டாம் தேதி அந்தத் திருத்தத்தோடு புதுப் பதிப்பும் வெளியாகியிருந்தது. புயலில் முந்திரியும் பலாவும் நெல்லும் போனவர்களின் பட்டியலைத் தன்னார்வலர்கள் மூன்று ஊர்களில் அதை வைத்துத்தான் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே.”

தேவசகாயம் நிமிர்ந்தார். அவள் கூப்பிடுவதே அபூர்வம்.

“ஆறாந்தேதி எம் பேர்ல அனுப்புனீங்களா?”

“அதுவா! ஆமா இருசு. விவசாயச் சங்கத்துல பட்டியலத் தூக்கிக்கினு வந்துட்டாங்க. நம்பர்ல எல்லாம் கட்டங்கட்டமா வருது. நீ செய்யறதப் பாத்துருக்கேன்ல? ஒரு வரி போட்டேன், போச்சு. அப்படியே சிதம்பரத்துக்கும் அனுப்பிட்டேன். ஒனக்குத்தான் பேரு. படிச்சியா, எவ்ளோ பேரு புகழ்ந்துக்கினு இருக்காங்க?”

“சாய்கோடு போயிடுச்சுண்ணே. நெலம் மாறிப்போவும்.”

அவர் முகம் செத்துப்போனது. சங்கத்துப் பட்டியல் பக்கத்தில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தார். முதல் பக்கத்திலேயே தெரிந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். “நான் போயி சங்கத்துல சொல்லிட்டு வரேன். நீ ஒரு திருத்தம் போட்டு அனுப்பிடு. ரெண்டு நிமிஷம்.”

இரண்டு நிமிஷம்தான். அவளுக்கும் தெரியும். எழுதி, கையொப்பம் வைத்து அனுப்பினால் முடிந்தது. அவசரத்தில் நேர்ந்த பிழை, கவனித்துச் சரிசெய்துவிட்டேன் என்று ஒரு வரி சேர்த்தால், அதற்கும் முப்பது பேர் வாழ்த்துவார்கள்.

இருசம்மாள் கடைப் போனை எடுத்துச் செம்பியனைக் கூப்பிட்டாள். ஆறு வருஷத்தில் அவளாகப் போன் செய்வது அதுதான் முதல் தடவை.

“அக்கா! நல்லா இருக்கீங்களா? வூடெல்லாம் எப்படி...”

“சார், புதுப் பதிப்ப நிறுத்துங்க. சர்வே நம்பர்ல கோடு விழுந்துடுது. பட்டியல் போடற மூணு ஊருக்கும் இப்பவே சொல்லுங்க. எது தப்புன்னு சொல்றேன், எழுதிக்குங்க.”

சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். “சரிக்கா. திருத்தத்த அனுப்பிடுங்க, பத்து நிமிஷத்துல சேத்துடுறேன்.”

“நான் அனுப்ப முடியாது சார். நீங்க உங்க பேர்ல போட்டுக்குங்க.”

“ஏன்கா?”

“அந்தச் சாவி எங்கிட்ட மட்டும் இல்ல.”

செம்பியன் மெதுவாகச் சொன்னார்: “விதி தெரியும்ல அக்கா?”

“தெரியும் சார். மெயில் போடறேன்.”

சாயங்காலம் தேவசகாயம் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பினார். சங்கத்துப் பட்டியல் இன்னும் ஆபீசுக்குப் போகவில்லை, தடுத்தாயிற்று. அந்த நிம்மதியில் பெஞ்சில் உட்கார்ந்தவர், அவள் அடித்து வைத்திருந்த மெயிலைப் பார்த்துவிட்டுத் துள்ளி எழுந்தார்.

“என்னா இருசு இது? ரெண்டாயிரத்து ஏழு மே பதினாலுன்னு போட்டிருக்க?”

“அன்னைக்குத்தான் டயரியில எழுதுனேன்.”

“எழுதுனா? நான் என்னா தெனமுமா எடுத்தேன்? இத உட்டா போன வருஷத்துக்கு முந்தி ஒரு தடவ, அதுவும் நல்லதுதான். புயலுக்கு அப்புறம்னு போடு. முப்பதாந்தேதின்னு போடேன். ஒரே ஒரு திருத்தம்தான் போவும். நீ சொல்ற தேதியப் போட்டா நாலரை வருஷத்து வேல மொத்தமும் சந்தேகத்துல நிக்கும்!”

“நூத்திப் பதினெட்டு.”

“எண்ணி வேற வச்சிருக்கியா! ஏம்மா, நம்ம கடையில யாரு கையெழுத்த யாரு போடல, சொல்லு பாப்போம்? மாடி ரைட்டர் திருப்பதிக்குப் போனப்ப எட்டுப் பத்திரம் பதிவாச்சு. ஒலகம் கவுந்துடுச்சா?”

“இங்க கவுழல அண்ணே.”

“என் பேரும் வருமா?”

“ஒங்க பேர நான் எழுதல. நான் செய்யலன்னுதான் எழுதியிருக்கேன். செஞ்சவுங்க சொன்னாத்தான் அது அவுங்க சொன்னது.”

அவர் ஜெனரேட்டரை நிறுத்தப் போய்விட்டார். மெயில் போகவில்லை.

அன்று பாதி கூரை போட்ட வீட்டில் ராந்தல் வெளிச்சத்தில் சோறு போட்டுக்கொண்டே காத்தவராயனிடம் சொன்னாள். அவன் லாரிக்காரன். எதையும் ரோட்டை வைத்துத்தான் யோசிப்பான்.

“லாரிய நான் ஓட்டறேன். வேற எவனோ ஓட்டி இடிச்சுட்டான். சாவி எங்கிட்டதான் இருந்துச்சுன்னு சொன்னா கேசு எம்மேல. இல்ல, சாவிய வண்டியிலேயே உட்டுட்டேன்னு சொன்னா, அப்பயும் திட்டு எனக்குத்தான். ஆனா உள்ள போவ மாட்டேன்.”

“நாலரை வருஷமா வண்டியிலேயே உட்டுருந்தா?”

“அப்ப ஓனரு லைசென்ஸ வாங்கி வச்சிக்கினு, மொதல்லேர்ந்து ஓட்டிக் காட்டுன்னுவான்.” அவன் சோற்றைப் பிசைந்தான். “ஓட்டிக் காட்டேன். ஒனக்கு ஓட்டத் தெரியாதா என்னா?”

இருசம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் கடைக்குப் போனதும் தேதியில் ஒரு எண்ணையும் மாற்றாமல் மெயிலை அனுப்பினாள். சாவியை ரத்து செய்தாள். டயரியின் கடைசிப் பக்கத்தில் தன் வரியைக் கறுப்பு மை போட்டு அடித்தாள். பெயர்ப் பட்டியலில் நாலாவது இடத்தில் இருந்த பெயர் அன்று மாலையே காணாமல் போயிற்று. அது தண்டனை இல்லை. விதி அப்படி. படித்து முடிகிற வரைக்கும் பெயர் இருக்காது. தெரிந்திருந்தும் அந்தப் பக்கத்தை மூன்று தடவை திறந்து பார்த்தாள்.

வாழ்த்து எழுதியவர்கள் இப்போது வேறு மாதிரி எழுதினார்கள். சிலர் வருத்தப்பட்டார்கள். இளவரசு சுருக்கமாக எழுதினார்: ‘நூற்றுப் பதினெட்டையும் நீக்கிவிட்டுப் புதிதாகச் செய்வதே பாதுகாப்பு. படிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?’ இரண்டு நாள் கழித்து வேறு ஒரு மெயில் வந்தது. தேவசகாயம் தன் சொந்த முகவரியிலிருந்து அனுப்பியிருந்தார். ‘ஜனவரி 6 திருத்தமும், 2010-இல் ஒரு திருத்தமும் நான் செய்தது. சாவி என் டிராயரில் இருந்தது. கேட்காமல் எடுத்தேன்.’ அதை அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் அனுப்பியிருந்தார். டீ மட்டும் வாங்கி வந்து மேசையில் வைத்தார்.

கூட்டம் மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிதம்பரத்தில் செம்பியனின் பாலிடெக்னிக் வகுப்பறையில் நடந்தது. இருசம்மாள் நீள நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். வழியெல்லாம் வேரோடு சாய்ந்த மரங்களை அறுத்து அடுக்கியிருந்தார்கள். வகுப்பறையில் அவளைத் தவிரப் பதினோரு பேர் இருந்தார்கள். அவர்களில் பெண் ஒருத்திதான், சந்திரலேகா, புதுச்சேரியில் கல்லூரி ஆசிரியை. செம்பியனைத் தவிர எல்லோரும் எழுத்தில் மட்டும் தெரிந்தவர்கள்.

முதலில் புதுச் சாவி. அதற்கு நாற்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு அடையாளம் உண்டு. உரியவர் அதை எல்லோர் முன்னாலும் உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர்கள் கையிலுள்ள தாளோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இருசம்மாள் எழுந்து நின்றாள். தாளைப் பார்த்தாள். பத்திரத்தை ஒப்பு நோக்கும்போது ஒருவர் படிக்க ஒருவர் சரிபார்ப்பார்களே, அந்த மாதிரிதான் என்று நினைத்ததும் குரல் வந்துவிட்டது. நாலு நாலாகப் பிரித்து, நிறுத்தி நிதானமாகப் படித்து முடித்தாள்.

அப்போது இளவரசு கேட்டார். உயரமானவர், மெயிலில் இருக்கிற அதே குரல்தான் நேரிலும். “கேக்கறேன்னு தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. நாலரை வருஷம் சாவி ஒரு கடை டிராயர்ல கெடந்திருக்கு. அவர் சொன்னது ரெண்டு. இன்னும் யார் யார் எடுத்தாங்களோ? இதையெல்லாம் எங்கள எப்படி நம்பச் சொல்றீங்க?”

“நம்ப வேணாம் சார்” என்றாள் இருசம்மாள். “படிச்சுப் பாருங்க. எது எந்தத் தாளப் பாத்துப் போட்டதுன்னு நான் சொல்றேன். சொல்ல முடியலன்னா எடுத்துடுங்க.”

நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

ஐந்து ஜோடியாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். செம்பியன் எண்ணைச் சொல்வார். இரண்டு பேர் திருத்தத்தைப் படிப்பார்கள், அவளைக் கேட்பார்கள். ‘முப்பத்திநாலு?’ ‘அது 2008. நெல்லிக்குப்பத்துலேர்ந்து வந்த பாகப்பிரிவினை. அந்த எழுத்துருவுல கொம்பு முன்னாடி வரும், மென்பொருள் பின்னாடி போட்டுது.’ நோட்டில் பார்ப்பார்கள், அதுவே இருக்கும். முதலில் நோட்டைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னாள். பிறகு நோட்டைத் திருப்பாமலே சொன்னாள். சாப்பாட்டு வேளைக்குள் அறுபது முடிந்தது. தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே இளவரசு செம்பியனிடம் சொல்வது காதில் விழுந்தது: “எங்க கம்பெனியில ஒருத்தனும் இப்படி எழுதி வைக்க மாட்டான்யா. எழுதச் சொன்னா வேலைய விட்டே போயிடுவான்.”

தேவசகாயத்தின் 2010 திருத்தத்தை மட்டும் வரிசை பார்க்காமல் முன்கூட்டியே படித்தார்கள்; சரியாகத்தான் இருந்தது. அதை அவர் பெயருக்கு மாற்றினார்கள். நாலு மணி சுமாருக்குத் தொண்ணூற்றேழு வந்தது. அதுவரை ஒன்றும் எடுக்கப்படவில்லை.

தொண்ணூற்றேழைப் படித்தது சந்திரலேகா. திரையில் ஒரு மாதிரிக் கோப்பை ஓட்டிப் பார்த்தார். இன்னொரு தரம் ஓட்டினார்.

“இது தப்பா வருதே. ஏக்கர் கணக்குல அரைன்னு இருக்கிற குறி முக்கால்னு மாறுது.”

எல்லோரும் வந்து பார்த்தார்கள். சந்தேகமே இல்லை. இரண்டரை வருஷமாக அந்தப் பிழை உள்ளே இருந்திருக்கிறது. யாருக்கும் அந்தக் குறி இதுவரை வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

இளவரசு இருசம்மாளைப் பார்த்தார். அவர் முகத்தில் இப்போது காலையில் இருந்த கடுமை இல்லை. குரலும் தணிந்திருந்தது. “இதுவும் அந்தக் கடைக்காரர் கை வச்சதா இருக்கும். அவருக்கே ஞாபகம் இருக்காது. எடுத்துட்டு அடுத்தத பாக்கலாமே?”

செம்பியனும் தலையசைத்தார். யாரும் எதிர்த்துச் சொல்கிற மாதிரி தெரியவில்லை.

இருசம்மாள் நோட்டைத் திருப்பினாள். 2009 செப்டம்பர். பக்கத்தின் நடுவில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: பண்ருட்டிப் பத்திரம், அரைக் குறி. பக்கத்தில் போட்டிருந்த எண் தவறு. பக்கத்துக் கட்டையின் எண்ணை எழுதியிருந்தாள். யாரும் கண்டபடி தட்டிய பிழை இல்லை. அவளே ஒழுங்காக உட்கார்ந்து அடித்த பிழை.

“இல்ல சார். இது என்னுது” என்றாள். நோட்டைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினாள். “நான்தான் போட்டேன். தப்பா போட்டிருக்கேன்.”

இளவரசு அந்த வரியைக் குனிந்து படித்தார். பிறகு நிமிர்ந்து எல்லோரையும் பார்த்து, “மீதி இருக்கறதப் படிக்கணுமா?” என்று கேட்டார்.

“படிங்க” என்றாள் இருசம்மாள். “இன்னொண்ணு இருந்தாலும் இருக்கும்.”

படித்தார்கள். இன்னொன்று இல்லை. ஐந்தே முக்காலுக்கு நூற்றுப் பதினெட்டும் முடிந்தது. செம்பியன் தன் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். சமீபத்தில்தான் ஒவ்வொரு கமிட்டிலும், அதாவது நிரலில் சேர்க்கிற ஒவ்வொரு மாற்றத்திலும், நேரடியாகக் கையொப்பம் வைக்கிற வசதி வந்திருந்தது. இனிக் கையொப்பமில்லாத கமிட்டை வாங்குவதில்லை என்று காலையில்தான் முடிவு செய்திருந்தார்கள்.

“யாரு மொதல்ல போடறது?” என்றார் அவர்.

இருசம்மாள் கழுத்தில் தாலிக்கயிற்றோடு கோத்திருந்த சின்னப் பென் டிரைவைக் கழற்றிச் செருகினாள். அரைக் குறியின் எண்ணைச் சரியாக மாற்றினாள். விவரம் எழுதும் இடத்தில், ‘2009-இல் நான் செய்த பிழை, திருத்தம்’ என்று அடித்தாள். கடவுத்தொடர் கேட்டபோது சுற்றி நின்றவர்களை ஏறிட்டுப் பார்த்தாள். இளவரசு உட்படப் பதினோரு பேரும் ஒரே சமயத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அடித்தாள். கையொப்பம் விழுந்தது.